முதல் ஞாயிறு, இரவு ஒன்றரை மணி

அம்மா தினமும் காலையில் காபி குடித்துக்கொண்டே அப்பாவின் கேசட் ஒன்றைக் கேட்பாள். அப்பா காலமான பிறகு வந்த பழக்கம் அது. தூத்துக்குடித் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர் அவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணி எழுதுவதுதான் வேலை. வீட்டில் இருக்கும் நேரத்தில் திருநெல்வேலி வானொலியில் பிடித்த நிகழ்ச்சிகளை ஒலிப்பதிவு செய்வார். 212 கேசட்டுகள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அவர் குரல் இருக்கும்: "1987, ஜூன் 14, ஞாயிறு, காலை மணி ஏழு நாற்பது." அதன் பிறகுதான் நிகழ்ச்சி. தேதியும் நேரமும் இல்லாத குறிப்பை அவர் குறிப்பாகவே மதித்ததில்லை.

அந்த 212 கேசட்டுகளையும் இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்து கணினிக்கு மாற்றினேன். அவை இருப்பது கூடத்து அலமாரிக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பழைய மேசைக் கணினியில். அதுதான் எங்கள் வீட்டுச் சர்வர். டெபியன் 11 என்ற லினக்ஸ் இயங்குதளம், இரண்டு 2 டெராபைட் ஹார்டு டிஸ்குகள். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றொன்றிலும் எழுதப்படும் ரெய்டு-1 அமைப்பு. குடும்பப் படங்கள், என் மனைவி பள்ளிக்குத் தயாரிக்கும் வினாத்தாள்கள் எல்லாம் அதில்தான். ஒரு டிஸ்க் போனாலும் இன்னொன்று இருக்கும் என்ற தைரியத்தில் இருந்தேன்.

2022 ஆகஸ்ட் 7, ஞாயிற்றுக்கிழமை. "ஐயா, அப்பா பேச மாட்டேன் என்கிறார்" என்று சொல்லி அம்மா என்னை எழுப்பினாள்.

சர்வரின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விசிறி ஓடியது. என் மடிக்கணினியிலிருந்து, இருக்கிறாயா என்று கேட்கும் பிங் அனுப்பினால் பதில் வந்தது. ஆனால் இன்னொரு கணினியிலிருந்தே வேலை செய்ய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழையப் பார்த்தால், கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. பத்து நிமிடம் காத்திருந்தும் பயனில்லாமல் பொத்தானை அழுத்தி அணைத்து மீண்டும் போட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது. இரவில் மின்சாரம் போய் வந்திருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். மின்சாரம் போயிருந்தால் அது மீண்டும் முதலிலிருந்து எழுந்திருக்கும், இல்லையென்றால் அணைந்தே கிடந்திருக்கும். பாதி உயிரோடு பிங்குக்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு நின்றிருக்காது. இதை நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 4 காலையிலும் இதே கதை. இந்த முறை நினைவகத்தின் மேல் சந்தேகம் வந்தது. மெம்டெஸ்ட் நிரலை ஒரு இரவு முழுவதும் ஓட விட்டேன், ஒரு பிழை கூட இல்லை. விசிறியில் படிந்திருந்த தூசியைத் துடைத்தேன். செயலிக்கு வெப்பம் கடத்தும் புதிய பசை தடவினேன். நினைவகம் தீர்ந்துபோய், இயங்குதளத்தின் மையமான கர்னல் ஏதாவது ஒரு நிரலைக் கொன்றிருக்குமோ என்று, கணினி தானே எழுதி வைக்கும் பதிவுகளில் தேடினேன், அப்படி ஒரு வரியும் இல்லை. எல்லாமே ஊகத்தின் பேரில் செய்த வேலைகள். ஒரு மாதம் அப்படியே போனது.

அக்டோபர் 2 காலையில் மூன்றாவது முறையாக நின்றபோது, இனி படிக்காமல் எதையும் தொடுவதில்லை என்று உட்கார்ந்தேன்.

கணினியின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி வைத்திருக்கும் பதிவேட்டைப் படிக்க ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளை உண்டு. அதோடு லிஸ்ட்-பூட்ஸ் என்று சேர்த்தால், கணினி எப்போதெல்லாம் எழுந்தது, அந்த ஒவ்வொரு ஓட்டத்தின் முதல் வரியும் கடைசி வரியும் எந்த நேரத்தில் எழுதப்பட்டன என்று ஒரு பட்டியல் வரும். பிழைச் செய்திகளைத் தேடுவதற்கு முன்னால் இந்தப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். கடைசி வரியின் நேரங்கள் எனக்கு இப்படிக் கிடைத்தன: ஆகஸ்ட் 7 இரவு 1:36. செப்டம்பர் 4 இரவு 1:41. அக்டோபர் 2 இரவு 1:29.

எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டினேன். மூன்றும் ஞாயிறு. மூன்றும் அந்தந்த மாதத்தின் முதல் ஞாயிறு.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மின்வெட்டோ வெப்பமோ காலண்டர் பார்த்து வருவதில்லை. முதல் ஞாயிறு என்று கணக்கு வைத்து ஒரு காரியம் நடக்கிறதென்றால், அது சர்வருக்குள்ளேயே யாரோ எழுதி வைத்த கால அட்டவணையாகத்தான் இருக்க முடியும்.

முந்தைய ஓட்டத்தின் பதிவை மட்டும் எடுக்க அதே கட்டளையோடு மைனஸ் பி மைனஸ் ஒன்று என்று கொடுத்தால் போதும். கீழிருந்து மேலே படித்துக்கொண்டு போனேன். இரவு 12:57க்கு, குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் கிரான் எழுதிய ஒரு வரி இருந்தது. அடுத்ததாகவே கர்னலின் வரி: எம்டி0 என்ற ரெய்டு தொகுப்பில் தரவுச் சரிபார்ப்பு தொடங்குகிறது. மற்ற இரண்டு இரவுகளிலும் அதே நிமிடம், அதே வரி.

டெபியன் 11இல், ரெய்டைக் கவனிக்கும் எம்டிஅட்ம் நிரலோடு வரும் ஏற்பாடு இது. மாதத்தின் முதல் ஞாயிறு அன்று நள்ளிரவு தாண்டி 12:57க்கு, இரண்டு டிஸ்குகளையும் முதல் அங்குலத்திலிருந்து கடைசி வரை படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். மிகத் தேவையான வேலை. யாரும் திறக்காத பழைய கோப்புகள் கிடக்கும் இடத்தில் டிஸ்க் பழுதாகியிருந்தால், இப்படிப் படித்துப் பார்க்காமல் தெரியவே தெரியாது. ஒரு டிஸ்க் செத்து, மற்றதிலிருந்து எல்லாவற்றையும் நகலெடுக்கும் நாளில்தான் அந்தப் பழுது வெளிப்படும். அதனால் இந்தச் சரிபார்ப்பை நிறுத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சரிபார்ப்பில் குற்றம் இல்லை. பலவீனமாக இருந்த ஏதோ ஒன்றை அது மாதத்துக்கு ஒரு முறை அசைத்துப் பார்த்திருக்கிறது.

ஆனால் எதை? 1:29க்குப் பிறகு பதிவில் எதுவுமே இல்லை. அந்த நிமிடத்துக் கடைசி வரியும் வழக்கமான ஒரு வரிதான்.

இந்த இடத்தில் பலர் செய்வதை நானும் செய்தேன். பதிவில் பிழை என்ற நிலையில் இருப்பவற்றை மட்டும் வடிகட்டிப் பார்த்தேன். செய்திகளுக்கு எட்டு நிலைகள் உண்டு, அவசரம் முதல் பிழைதிருத்தம் வரை, பூஜ்யத்திலிருந்து ஏழு. 1980களில் எரிக் ஆல்மன் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் நிரலோடு, செய்திகளைப் பதிவு செய்யும் சிஸ்லாக்கை எழுதிய காலத்திலிருந்து வரும் மரபு இது. மூன்றாவது எண்ணும் அதற்குக் கீழே உள்ளவையும் திரையில் சிவப்பாக வரும். என் திரை முழுக்கச் சிவப்பு. ஏசிபிஐ பிழை, ஃபர்ம்வேர் குறை, ஏதோ ஒரு கோப்பு இல்லை. ஒவ்வொன்றையும் பார்த்துப் பயந்து அரை நாள் போயிற்று. பிறகு எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடி, நானே முறையாக அணைத்த ஒரு நாளின் பதிவைத் திறந்தேன். அதே சிவப்பு வரிகள், அதே வரிசையில். நல்ல நாளிலும் இருக்கும் வரி கெட்ட நாளுக்குச் சாட்சி சொல்லாது. இரண்டு நாள்களின் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, கெட்ட நாளில் மட்டும் இருந்த சிவப்பு வரி ஒன்று கூட இல்லை.

முறையாக அணைத்த நாளின் முடிவில் வேறொன்றும் கண்ணில் பட்டது. ஒவ்வொரு சேவையாக நின்று, கடைசியில் பதிவேடும் நின்றது என்ற வரியோடு அது முடிகிறது. கடையைச் சாத்தி, கணக்கை முடித்து, விளக்கை அணைப்பது மாதிரி. அக்டோபர் 2ஆம் தேதியின் பதிவில் அந்த முடிவு இல்லை. எழுதிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றிருக்கிறது.

ஏன் நின்றது என்பதற்கு எனக்கு இரண்டு காரணங்கள் தெரிந்தன. முதலாவது, பதிவேடு ஒவ்வொரு வரியையும் உடனே டிஸ்கில் இறக்குவதில்லை. இயல்பான அமைப்பில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் இறக்கும். மிக ஆபத்தான நிலைச் செய்தி வந்தால் மட்டும் உடனே. ஆகவே கடைசிச் சில நிமிடங்கள் நினைவகத்தோடு போயிருக்கலாம். இரண்டாவதுதான் என்னை உலுக்கியது. பதிவேடு இருப்பதே அந்த இரண்டு டிஸ்குகளில். டிஸ்குகளுக்கே ஏதாவது ஆகியிருந்தால், அதைப் பற்றி எழுதிவைக்க இடம் ஏது? பிங்குக்குப் பதில் வந்ததன் பொருளும் அப்போதுதான் விளங்கியது. கர்னல் நினைவகத்தில் உயிரோடு இருந்திருக்கிறது. டிஸ்கைத் தொடாமல் செய்யக்கூடிய வேலையை அது செய்திருக்கிறது. டிஸ்கிலிருந்து ஒரு எழுத்து படிக்க வேண்டியிருந்தாலும் அங்கேயே நின்றிருக்கிறது.

அப்பா டாலித் தாளைக் கார்பன் வைத்துத்தான் எழுதுவார். ஒரு பிரதியைக் கரையில் ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். சிறு வயதில் அந்த நீலக் கார்பன் தாளைக் கேட்டு அடம்பிடித்திருக்கிறேன். என் சர்வரின் கணக்குப் புத்தகத்துக்குக் கரையில் ஒரு பிரதி இல்லை.

டிஸ்குகளின் பக்கம் திரும்பினேன். ஒவ்வொரு டிஸ்கும் தன்னைப் பற்றித் தானே ஒரு குறிப்பு வைத்திருக்கிறது. ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையால் அதைப் படிக்கலாம். 5ஆம் எண், பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகள்: பூஜ்யம். 197, படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள்: பூஜ்யம். தகட்டில் குறையில்லை. 199, தரவுக் கேபிளில் சிதைந்து வந்த தகவல்கள்: அதுவும் பூஜ்யம். நான் கேபிளைத்தான் எதிர்பார்த்திருந்தேன், ஏனென்றால் பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். இரண்டு டிஸ்குகளும் நல்ல உடல்நலத்தோடு இருப்பதாகச் சொல்லின. 12ஆம் எண்ணில் ஒன்றுக்கு 61, இன்னொன்றுக்கு 58. எத்தனை முறை மின்சாரம் வந்து போயிற்று என்ற கணக்கு அது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டேன்.

அடுத்து, கரையில் ஒரு பிரதி வைக்கும் வேலை. கர்னலில் நெட்கன்சோல் என்று ஒரு வசதி இருக்கிறது. கர்னல் தன் செய்திகளை டிஸ்கைத் தொடாமல் நேராக வலைப்பின்னல் வழியாக இன்னொரு கணினிக்கு யுடிபி பொட்டலங்களாக வீசிவிடும். என் பழைய மடிக்கணினியை 6666ஆம் போர்ட்டில் கேட்கும்படி உட்கார வைத்தேன். சர்வரில் அந்த மாட்யூலை ஏற்றி, இரண்டு கணினிகளின் ஐபி முகவரி, பெறும் கணினியின் மேக் முகவரி எல்லாம் கொடுத்தேன். எதுவும் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது: திரைக்குப் போகும் அளவு முக்கியமான செய்திகளை மட்டும்தான் அது அனுப்பும். டிமெசேஜ் கட்டளையால் அந்த வரம்பை எட்டுக்கு உயர்த்தியதும் மழை கொட்டியது போல வந்தன. சர்வர் கம்பி வழியாக இணைந்திருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வைஃபையில் இது பெரும்பாலும் நடக்காது.

நவம்பர் முதல் ஞாயிறு வரை காத்திருக்க எனக்கு மனமில்லை. சரிபார்ப்பை நாமே தொடங்கலாம். சிஸ் அடைவுக்குள் எம்டி0வுக்கான சின்க்-ஆக்ஷன் என்ற கோப்பில் செக் என்ற ஒரு சொல்லை எழுதினால் போதும். அதற்கு முன்னால் கேசட்டுகள் அனைத்தையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, அதைக் கழற்றி பீரோவில் வைத்தேன். கெடும் என்று தெரிந்தே ஒன்றைக் கெட வைக்கும்போது, உள்ளே இருப்பதை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும்.

அக்டோபர் 8, சனிக்கிழமை, இரவு 9:10. தொடங்கினேன். அம்மா கூடத்தில் படுத்திருந்தாள். எனக்கு மடிக்கணினியின் கறுப்புத் திரையைத் தவிர வேறு நினைப்பில்லை.

9:52க்கு அலமாரிக்குக் கீழே "டிக்" என்று ஒரு சத்தம். பிறகு ஏதோ ஒன்று மூச்சை இழுத்து விடுவது போல.

"இதே சத்தம்தான்" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலேயே. "அன்றைக்கும் ராத்திரி இப்படித்தான் பெருமூச்சு விட்டது. சொல்ல நினைத்தேன் ஐயா, விடிந்ததும் மறந்துபோனேன்."

நான் அம்மாவிடம் கேட்டதே இல்லை. மூன்று இரவுகளும் அந்தப் பெட்டியிலிருந்து ஆறடி தூரத்தில் படுத்திருந்தவள் அவள். தூக்கம் குறைந்த வயது. மெம்டெஸ்ட்டுக்கு ஓர் இரவு கொடுத்த நான், அவளிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

மடிக்கணினியில் வரிகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. ஏடிஏ1, அதாவது ஒரு டிஸ்கின் இணைப்பு: இணைப்பின் நிலை மாறியது, உறைந்தது. ஏடிஏ2, இன்னொரு டிஸ்கின் இணைப்பு: இணைப்பின் நிலை மாறியது, உறைந்தது. இரண்டு வரிகளிலும் நொடியின் எண் ஒன்றே, புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்களில்தான் சிறு வித்தியாசம். இணைப்பை வலிந்து மீட்டமைக்கிறேன் என்றது கர்னல். பிறகு, இணைப்பு மெதுவாகப் பதிலளிக்கிறது, தயவுசெய்து பொறுத்திருங்கள் என்றது. யாரோ ஒரு நிரலாளர் என்றோ எழுதி வைத்த வரி. அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இன்னும் இரண்டு முயற்சிகள், அப்புறம் கைவிடுகிறேன் என்று ஒரு வரி. டிஸ்க் முடக்கப்பட்டது. எம்டி0வில் படிப்பதிலும் எழுதுவதிலும் பிழை. கோப்பு முறைமை, இனி படிக்க மட்டும் என்று மாற்றப்பட்டது. அதோடு சரி. மூன்று முறையும் காணாமல் போன கடைசிப் பக்கம் என் மடியில் கிடந்தது.

இரண்டு டிஸ்குகள், இரண்டு தரவுக் கேபிள்கள், பலகையில் இரண்டு தனித்தனி போர்ட்டுகள். இரண்டும் ஒரே கணத்தில் சாகின்றன என்றால் இரண்டுக்கும் பொதுவாக இருப்பதுதான் குற்றவாளி. பொதுவாக இருப்பவை இரண்டே: தாய்ப்பலகையில் டிஸ்குகளை இயக்கும் சாட்டா கட்டுப்படுத்தி, மின்சாரம். இதைப் பிரித்துப் பார்க்க, 12ஆம் எண்ணைக் குறித்து வைத்த அந்தத் தாள் உதவியது. சர்வரை அணைக்காமல் ரீசெட் பொத்தானை மட்டும் அழுத்தினேன். ரீசெட்டில் டிஸ்குகளுக்குப் போகும் மின்சாரம் நிற்பதில்லை. எழுந்ததும் 12ஆம் எண்ணைப் படித்தேன். 61 இருந்த இடத்தில் 64. 58 இருந்த இடத்தில் 61. நான் ஒரு முறை கூட அணைக்கவில்லை, ஆனால் இரண்டு டிஸ்குகளும் தங்களுக்கு மூன்று முறை மின்சாரம் போய் வந்ததாகச் சொல்கின்றன. டிஸ்க் தன் படிக்கும் தலையை அவசரமாக இழுத்துக்கொண்ட கணக்கான 192ஆம் எண்ணும் இரண்டிலும் மூன்று கூடியிருந்தது. அம்மா கேட்ட பெருமூச்சு அதுதான். மின்சாரம் அறுந்ததும் தலையை மடக்கி, வந்ததும் மீண்டும் சுழல முயன்ற சத்தம்.

இரவு பதினொன்றரைக்குப் பெட்டியைத் திறந்தேன். கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் 2012ஆம் ஆண்டுடையது. சாட்டா டிஸ்குக்கான பவர் முனை ஒன்றுதான் இருந்தது, அதன் கம்பியும் டிஸ்குகள் இருக்கும் இடத்துக்கு எட்டவில்லை. அதனால் நான்கு துளையுள்ள பழைய வகை ப்ளக்கிலிருந்து இரண்டாகப் பிரியும் ஒரு கேபிளைப் போட்டு, இரண்டு டிஸ்குகளுக்கும் அதிலிருந்தே மின்சாரம் கொடுத்திருந்தேன். அந்த ப்ளக்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஊசிகளில் களிம்பு ஏறியிருந்தது. 12 வோல்ட் ஊசியைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகக் கருகியிருந்தது.

எங்கள் வீட்டுக்கும் உப்பளத்துக்கும் இடையில் இரண்டு தெருக்கள்தான். ஜன்னல் கம்பி, கேட் கொண்டி, மிதிவண்டிச் சங்கிலி, எதுவும் இங்கே நீண்ட நாள் தாக்குப்பிடிக்காது. அம்மா பித்தளைக் குடத்தை வாரத்துக்கு ஒரு முறை புளி போட்டுத் தேய்ப்பாள், இல்லையென்றால் பச்சை பிடித்துவிடும். பெட்டிக்குள்ளே விசிறி இரவும் பகலும் அதே காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தது. களிம்பு ஏறிய முனையில் மின்தடை கூடும். தடை கூடினால் சூடாகும், சூடானால் தொடுகை இன்னும் தளரும். நாள்தோறும் பாட்டு கேட்பதற்கும் படம் பார்ப்பதற்கும் அந்தத் தொடுகை போதுமானதாக இருந்திருக்கிறது. இரண்டு டிஸ்குகளும் நாற்பது நிமிடம் நிற்காமல் ஓடும் இரவில் மட்டும் அறுந்திருக்கிறது. விழுந்து எழுந்த பிறகு ரெய்டு தன்னைச் சரிசெய்துகொள்ள நீண்ட நேரம் எடுத்திருந்தால், அப்போதும் அறுந்திருக்கும், எனக்கும் முன்பே விளங்கியிருக்கும். ஆனால் எந்தப் பகுதியில் எழுதிக்கொண்டிருந்தோம் என்று பிட்மேப் என்ற சிறு குறிப்பில் அது குறித்து வைத்திருப்பதால், சில நொடிகளில் ஒத்திசைந்துவிட்டது. அந்த நல்ல ஏற்பாடே தடயத்தை மறைத்துவிட்டது.

டிஸ்குகளுக்குத் தனித்தனி பவர் கம்பிகள் உள்ள புதிய எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கிப் போட்டேன். இடையில் பிரிக்கும் கேபிள் எதுவும் இல்லை. சர்வரின் பதிவுகள் இப்போது, பதிவுகளை வேறு கணினிக்கு அனுப்பும் ஆர்சிஸ்லாக் நிரல் வழியாக அந்தப் பழைய மடிக்கணினிக்கும் போகின்றன. நெட்கன்சோலை எடுக்கவில்லை, ஒவ்வொரு முறை எழும்போதும் தானே ஏறும்படி அமைத்துவிட்டேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெட்டியைத் திறந்து முனைகளைப் பார்ப்பதற்குக் காலண்டரில் குறித்திருக்கிறேன்.

நவம்பர் 6, முதல் ஞாயிறு. அலாரம் வைக்காமலேயே ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. கூடத்தில் இருட்டு. அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"சத்தம் வந்ததா அம்மா?"

"ஒன்றும் இல்லை ஐயா. நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்."

மடிக்கணினியின் திரையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா வாசல் தெளிக்கப் போனாள். 5:27க்குக் கர்னலிடமிருந்து ஒரு வரி வந்தது: எம்டி0, தரவுச் சரிபார்ப்பு முடிந்தது. அதைத் தேதியோடும் நேரத்தோடும் அப்பாவின் பழைய டாலி நோட்டு ஒன்றின் வெற்றுப் பக்கத்தில் எழுதி வைத்தேன்.